பழைய சைக்கிளில் காசி வரை: கிளம்புமுன் வண்டிக்குச் செய்ய வேண்டியவை

செட்டிநாட்டில் பெரிய வீடோ சின்ன வீடோ, பின்கட்டிலோ கொட்டகையிலோ ஒரு பழைய சைக்கிள் சாக்குப் போர்த்தி நிற்பதைப் பார்க்கலாம். கறுப்பு வண்டி, கம்பி பிரேக், 28 அங்குல டயர். தாத்தா கடைக்குப் போனது, அப்பா ஸ்கூலுக்குப் போனது. "இதையெல்லாம் வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போக முடியுமா? கியர் வண்டி வாங்கினால்தானே ஆகும்?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போக முடியும். புதிதாக எதையும் மாட்ட வேண்டியதில்லை. இருப்பதைக் கழற்றி, கழுவி, தேய்ந்ததை மட்டும் மாற்றி, நேராக்கி மறுபடி பூட்டினால் போதும். ஆனால் அந்த வேலையை ஒரு தடவையாவது உங்கள் கையால் செய்திருக்க வேண்டும்.

இந்த மாதிரி வண்டியைச் சிபாரிசு செய்யக் காரணம் பாசம் மட்டுமல்ல. இதன் டயர், டியூப், பிரேக் கட்டை, பால்ரஸ் என்கிற இரும்புக் குண்டுகள் எல்லாம் இந்தியாவின் எந்தச் சின்ன ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகளைச் செய்யும் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தை 1949ல் அம்பத்தூரில் தொடங்கியது நம் பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பம்தான். அப்போது வந்த வண்டிக்கும் இன்று கடையில் நிற்கும் கறுப்பு வண்டிக்கும் பெரும்பாலான பாகங்கள் அப்படியே பொருந்தும்.

உதாரணத்துக்குக் காசிப் பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சத்திரம் கட்டி வைத்திருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். நீங்கள் வேறு ஊருக்குப் போவதாக இருந்தாலும் வண்டிக்குச் செய்கிற வேலை இதேதான்.

முதலில் பிரேம்

மற்ற எதையும் மாற்றிவிடலாம். பிரேம் போனால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டியதுதான். அதனால் ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன்பே இதைப் பாருங்கள்.

வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்துங்கள். குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முக்கியமாக ஹேண்டில் நுழையும் தலைக்குழாயின் கீழ் மூட்டு, பெடல் அச்சு ஓடும் பெட்டி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கின் தோள். பெயிண்டில் மயிரிழை போல ஒரு கோடு ஓடி, அதன் ஓரம் செந்துரு கசிந்திருந்தால் அது பெயிண்ட் வெடிப்பு இல்லை, இரும்பு வெடிப்பு. பற்றவைத்து ஊருக்குள் ஓட்டலாம். சுமையோடு நெடுந்தூரம் வேண்டாம்.

அடுத்து நூல் சோதனை. பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். ஒரு நூலைத் தலைக்குழாயைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனைகளையும் பின்னுக்கு இழுத்து, சக்கர அச்சு உட்காரும் இரண்டு காதுகளிலும் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது சீட் குழாயின் இரு பக்கமும் நூல் ஓடும். குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் பிரேம் நேர். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் கோட்டம். நல்ல கைக்காரர் அதை நேராக்கிக் கொடுப்பார்.

போர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தலைக்குழாயின் கோட்டிலேயே இறங்கி, நுனியில் மட்டும் முன்னால் வளைய வேண்டும். தோளுக்குக் கீழேயே பின்னால் மடிந்திருந்தால் வண்டி எங்கேயோ நேராக மோதியிருக்கிறது. போர்க்கை மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

சீட் தண்டைக் கழற்றிக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள். பல வருஷம் மழையில் நின்ற வண்டியில் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கிப் பெடல் பெட்டிக்குள் தேங்கும். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் துருச் செதில் கொட்டும். தொண்டி, மண்டபம் பக்கம் ஓடிய வண்டி என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை ஆராய நம் காரைக்குடி சிக்ரி (மின்வேதியியல் ஆய்வகம்) மண்டபத்தில் தனியாக ஒரு மையமே வைத்தது.

இங்கிலாந்து வண்டி கையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நகரத்தார் பர்மா, மலேயாவில் தொழில் செய்த காலத்து ராலே வண்டிகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அழகான வண்டிதான். ஆனால் பழைய ராலேயின் பெடல் பெட்டி மரை அங்குலத்துக்கு 26, மற்றவற்றில் 24. பால்ரஸ் ஓடும் கிண்ணத்தைக் கப்பு என்போம், நம் ஊர்க் கப்பு அதில் ஏறாது. நடுவழியில் கப்பு உடைந்தால் தேடி அலைய வேண்டும். அதை வீட்டில் வைத்து அழகு பாருங்கள், பயணத்துக்கு இந்திய வண்டியை எடுங்கள்.

கழற்றுவது

சைக்கிள் கடையில் "முழுசா ஓவராயில் பண்ணிக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்தான். அதைவிட, வேலை குறைவாக இருக்கும் மத்தியான நேரத்தில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் கை வையுங்கள். கூலியை முழுசாகக் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய கம்பி பிரேக் வண்டி தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதல் நாள் இரவே எல்லா நட்டு, நிப்பிள் (சக்கரக் கம்பியின் முனை நட்டு), சீட் தண்டு மேலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் பாதிப் போராட்டம் குறையும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை என்பதை நினைவில் வையுங்கள். மற்றதைக் கழற்றுகிற பக்கமே திருகிக்கொண்டிருந்தால் இறுகத்தான் செய்யும்.

புதியவர்கள் திணறுவது காட்டர் பின்னில். பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் ஆப்பு அது. நட்டை முழுக்கக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் அடித்தால் மரை மழுங்கிப் பின் உள்ளேயே நின்றுவிடும். நட்டைப் பின்னின் நுனியோடு மட்டமாக வரும் வரை மட்டும் தளர்த்துங்கள். கிராங்குக்கு அடியில், பின்னின் தலைப் பக்கம், ஒரு தடித்த இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். பிறகு ஒரே அடி, பலமாக, நேராக. சின்னச் சின்னதாகப் பத்து அடி அடிப்பதால் பின் வளையும், பால்ரஸ் ஓடும் கப்பிலும் குழி விழும். முட்டுக் கொடுக்காமல் அடிப்பதும் அப்படித்தான்.

கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள். கிடைக்காவிட்டால் டீசல். ஒவ்வொரு இடத்துப் பாகத்துக்கும் தனித்தனிக் கிண்ணம் வையுங்கள். அச்சில் திருகிப் பால்ரஸை அணைத்திருப்பது கோன், முன்சக்கரத்துக் கோனும் பின்சக்கரத்துக் கோனும் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரிய பாடு.

பால்ரஸும் கோனும்

வண்டி இழுவையாக ஓடுவதற்கும் லேசாக ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இங்கேதான். அதனால் இதற்கு நேரம் கொடுங்கள்.

கழுவித் துடைத்த கோனை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். பால்ரஸ் ஓடிய தடம் ஒரு வளையமாகத் தெரியும். அது கண்ணாடி போலப் பளபளத்தால் நல்லது. நகத்தால் வருடும்போது சொரசொரப்போ குழியோ தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். கோன் விலை குறைவு. குழி விழுந்த கோனோடு போனால் அது கப்பையும் தின்றுவிடும், கப்பு போனால் சக்கரத்தையே பிரித்துக் கட்ட வேண்டும்.

பால்ரஸை எப்போதும் முழு செட்டாக மாற்றுங்கள். பழையதில் நல்லதைப் பொறுக்கிப் புதியதோடு கலந்தால் அளவு ஒன்றாக இருக்காது, பெரிய குண்டுகளே எல்லாப் பாரத்தையும் சுமக்கும். பெடல் பெட்டியில் கால் அங்குலப் பால்ரஸ் பக்கத்துக்கு 11, பின்சக்கரத்தில் அதே அளவு பக்கத்துக்கு 9, முன்சக்கரத்தில் சிறியது பக்கத்துக்கு 10. இதுதான் வழக்கமான கணக்கு. வண்டிக்கு வண்டி சிறிது மாறலாம் என்பதால் கழற்றும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். குழப்பம் வந்தால், வட்டம் நிரம்ப அடுக்கிவிட்டு ஒன்றை எடுத்துவிடுங்கள். கிரீஸைத் தாராளமாகவே வையுங்கள்.

இனி இறுக்கம். கோனைக் கையால் முட்டும் வரை திருகி, பிறகு ஒரு கால் சுற்றுத் தளர்த்தி, பூட்டு நட்டை இறுக்குங்கள். சக்கரத்தை வண்டியில் மாட்டி, தரையிலிருந்து தூக்கி, வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி நிறுத்தி விட்டுவிடுங்கள். சரியான இறுக்கத்தில், அந்த வால்வின் எடைக்கே சக்கரம் மெல்லக் கீழே சுற்றி, இரண்டு மூன்று தடவை அப்படியும் இப்படியும் ஆடி, வால்வு அடியில் வந்து நிற்கும். அசையாமல் நின்றால் இறுக்கம் அதிகம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது கடகடவென்றால் தளர்வு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தைக் கண்டுபிடிக்க முதல் தடவை அரை மணி நேரம்கூட ஆகும். பரவாயில்லை, விடாதீர்கள்.

பின்சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீலுக்குள் மட்டும் கிரீஸ் வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் சின்ன நாக்குகள் ஒட்டிக்கொண்டு, மிதிக்கும்போது பிடிக்காமல் வழுக்கும். மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றி அழுக்கை வெளியேற்றிவிட்டு, மெல்லிய எண்ணெய் விட்டால் போதும்.

சக்கரம்

பின்சக்கரத்தில் 40 போக்ஸ் (சக்கரக் கம்பி), முன்னால் 32. சுமை முழுக்கப் பின்னால்தான் உட்காரும் என்பதால் பின்சக்கரத்தை வலுவாக்குங்கள். ஒவ்வொரு போக்ஸாக விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துப் போக்ஸ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் 'தொப்' என்றால் அது பாரம் தாங்கவில்லை, பக்கத்தில் உள்ளவை அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கின்றன. அவைதான் முதலில் அறும். துரு ஏறிய போக்ஸ் நாலைந்துக்கு மேல் இருந்தால் பின்சக்கரத்தை மொத்தமாகப் புதுப் போக்ஸ் போட்டுக் கட்டிவிடுவது நல்லது. கோட்டம் எடுப்பதை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். அது கைப்பழக்கம், அவசரத்தில் வராது. ஆனால் ஒரு போக்ஸ் மாற்றுவது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். முன், பின் அளவுகளில் சில போக்ஸ்களை நிப்பிளோடு பிரேமின் மேல் பாருக்கு அடியில் டேப்பால் ஒட்டி எடுத்துப் போகலாம்.

டயர் இரண்டும் புதிதாக வாங்குங்கள். பக்கச் சுவரில் 28 x 1½ என்று இருக்க வேண்டும். நின்றே கிடந்த வண்டியின் டயரில் பட்டன் (ரோட்டில் படும் மேடுகள்) முழுசாக இருக்கும், ஆனால் பக்கச் சுவர் வெடித்திருக்கும். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். ரிம் டேப்பையும் மாற்றுங்கள். நிப்பிள் முனை டியூபை உள்ளிருந்து குத்துகிற பஞ்சரை ரோட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். வால்வின் மேல் மாட்டும் ரப்பர்க் குழாயான வால்டியூப் ஒரு முழம் வாங்கிப் பையில் போடுங்கள். காற்று மெல்ல இறங்குகிறது என்று பஞ்சர் தேடுவதற்கு முன், அந்தச் சின்ன ரப்பரைத்தான் பார்க்க வேண்டும்.

செயினும் பல் கணக்கும்

பன்னிரண்டு அங்குல ஸ்கேல் போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். நல்ல செயினில் 12 அங்குலத்தில் சரியாக இன்னொரு பின்னின் நடு வரும். அது 12⅛ வரை தள்ளிப் போயிருந்தால் செயின் நீண்டுவிட்டது, மாற்றுங்கள். பற்களின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல ஆகியிருந்தால் பிரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் தாவும்.

பிரீவீல் மாற்றும்போதே ஒரு நல்ல காரியம் செய்யலாம். நம் வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு சுற்று மிதித்தால் சுமார் 5.4 மீட்டர் போகும். ஊருக்குள் வெறும் வண்டிக்கு அது சரி. பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையோடு தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேட்டில் ஏற அது முழங்காலைப் பதம் பார்க்கும். பின்னால் 22 பல் போட்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 4.5 மீட்டர். வேகம் குறையும், மூச்சு மிஞ்சும். ஊர்க் கடையில் இல்லாவிட்டால் மதுரையிலோ திருச்சியிலோ தேடுங்கள். 22 கிடைக்காவிட்டால் 20 போடலாம். செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டி வரும், சக்கரம் கொஞ்சம் இடம் மாறும். அதனால் பின் பிரேக் கட்டையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். கியர் வண்டி தேவையா என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில்.

பிரேக்

கம்பி பிரேக் ரிம்மின் உட்பக்கத்தில் அழுத்தும். காய்ந்த ரோட்டில் நன்றாகவே பிடிக்கும், மழையில் பாதிதான். கட்டை நான்கையும் புதிதாகப் போட்டு, ரிம்முக்கும் கட்டைக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். கம்பிகள் சேரும் ஒவ்வொரு கீலுக்கும் எண்ணெய் விடுங்கள், ரிம்மில் ஒரு துளிகூடப் படக் கூடாது. இவ்வளவு செய்தாலும் நீண்ட இறக்கத்தில் இந்த பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. தொப்பூர் போன்ற கணவாய்களில் லாரிகளே பிரேக் பிடிக்காமல் போகிற இடத்தில், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சீட், சுமை, மற்றவை

சீட்டில் உட்கார்ந்து குதிகாலை அடியில் இருக்கும் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் உயரம். பெரும்பாலானவர்கள் தாழ்வாக வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள்.

முதுகில் பை மாட்டாதீர்கள். கார் சீட் தைப்பவரிடம் கித்தான் துணியில் கேரியரின் இரு பக்கமும் தொங்கும்படி ஒரு இரட்டைப் பை தைத்து வாங்குங்கள். கனமான சாமான் அடியில் இருக்கட்டும். பையின் கீழ் முனையைப் பழைய டியூபில் கிழித்த வாரால் கேரியர் கம்பியோடு கட்டிவிட்டால் போக்ஸில் மாட்டாது. கேரியர் காலின் நட்டுக்கெல்லாம் இரட்டை நட்டுப் போடுங்கள், பயணத்தில் அதிர்ந்து அதிர்ந்து முதலில் கழன்று விழுவது அதுதான்.

பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், பேட்டரி விளக்கு, சத்தமான பெல் இருக்கட்டும். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம்.

கையில் வேண்டியவை: பம்பு, பஞ்சர் சொல்யூஷன், ஒட்டு ரப்பர், உப்புத்தாள், டயர் கழற்றும் தகடுகள், இரண்டு டியூப், காட்டர் பின் ஒரு ஜோடி, செயின் பூட்டு, கோன் ஸ்பானர், வளைய ஸ்பானர், சின்னச் சுத்தியல், எண்ணெய்ச் சீசா. காட்டர் பின் இரண்டு மூன்று அளவுகளில் வரும். பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

சோதனை ஓட்டம்

பூட்டி முடித்த அன்றே கிளம்பிவிடக் கூடாது. முதலில் சுமையில்லாமல் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி போய்த் திரும்புங்கள். வந்ததும் காட்டர் பின் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள், நிச்சயம் கால் சுற்றாவது இறுகும். புதுப் பின் ஓட ஓடத்தான் உட்காரும். இதைச் செய்யாமல் விட்டால் கிராங்க் ஆட ஆரம்பித்து அச்சின் பள்ளத்தையே தின்றுவிடும். அடுத்து முழுச் சுமையோடு திருமயம் கோட்டை வரை. மூன்றாவது, ஒரு நாள் முழுக்க: தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக் கடற்கரை போய் அதே நாளில் திரும்புவது. போக வர நூறு கிலோமீட்டரைத் தாண்டும். திரும்பி வந்ததும் போக்ஸை மறுபடி சுண்டிப் பாருங்கள். புதுசாகக் கட்டிய சக்கரத்தில் சில தளர்ந்திருக்கும். இந்த மூன்று ஓட்டத்துக்கும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

கிளம்பத் தை மாதம் சரி. வடகிழக்கு மழை முடிந்திருக்கும். காசிக்கு 2,200 கிலோமீட்டர், நாளைக்கு எழுபது என்று வைத்தால் ஓட்டம் மட்டும் முப்பத்திரண்டு நாள், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு சேர்த்தால் முப்பத்தாறு முப்பத்தேழு. மத்திய இந்தியாவின் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் தையில் வாடைக்காற்று எதிரே வரும். முதல் வாரம் எழுபது ஓடவில்லை என்றால் வண்டியைக் குறை சொல்லாதீர்கள். காலை ஐந்தரைக்கே தயாராகி, வெளிச்சம் வந்ததும் ஏறுங்கள், காற்று வலுக்கும் முன் பாதித் தூரம் முடிந்துவிடும்.

திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல்லில் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். தைப்பூசத்தை ஒட்டிக் கிளம்பினால் இதே பாதையில் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் நிறைந்திருக்கும். மெதுவாகத்தான் போக முடியும், ஆனால் வழியெல்லாம் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் குறைவிருக்காது. ஏறக்குறைய பாதி வழியில் ஐதராபாத். அங்கே ஒரு நாள் தங்கி, கோன்களைச் சரிபார்த்து, செயினைக் கழுவி, முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடுங்கள். பின் டயர்தான் சீக்கிரம் தேயும், மாற்றிப் போட்டால் அதே ஜோடி காசி வரை வந்துவிடும்.